பூச்சிப் பிரமையும் மூடநம்பிக்கையும்



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் மூடநம்பிக்கை ஒழிப்பு என்பதாகும். பேயில்லை, பில்லியில்லை, சூனியமில்லை என்று இம்மாதிரி மேடைகளில் எத்தனையோ தடவை சொல்லியாய்விட்டது. உங்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொண்டதனால்தான் இங்கு வந்து உட்கார்ந்திருக்கின்றீர்கள். ஒப்புக்கொண்டவர்களிடத்திலேயே ஒப்புக்கொண்ட சங்கதியை மறுபடியும் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஆகையால் இன்று, பகுத்தறிவுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாமே செய்துவிட்ட ஒரு தப்பிதத்தைப் பற்றிச் சொல்லலாமென்று நினைக்கின்றோம்.

தீப்பெட்டி

நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு வாலிபத் தோழர், சில மாதங்களாக வருவதில்லை. விசாரித்ததில், வேலைக்கும் போவதில்லை, வீட்டைவிட்டு வெளியிலும் வருவதில்லை என்று சொன்னார்கள். நாம் இரண்டொருவராக அவர் வீட்டுக்குப் போனோம். கைகால்களிலெல்லாம் நகத்தால் பிறாண்டிய புண்கள். தலையை மொட்டையடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டு, தலையணைக்கடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டி, "ஐயா, நீங்களாவது பாருங்கள். என் தோலுக்குள் ஊர்கிற பூச்சிகள் இவைதாம்" என்றார். அதில் காய்ந்த தோல் செதில்களும், துணி நூலும், இரண்டொரு முடியுமே இருந்தன. ராத்திரியில் யாரோ சன்னல் வழியாகப் பூச்சிப் பொடியைத் தூவுவதாகவும், அவர்கள் தம்மைப் பற்றிப் பேசிக்கொள்வது காதில் விழுவதாகவும் சொன்னார்.

தோழர்களே! நாம் என்ன செய்தோம் தெரியுமா? மேடையில் புராணத்தை அலசுகிற மாதிரி அவரிடத்தில் வாதாடினோம். பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டி, "இது நூல், இது தோல், பூச்சி எங்கே? கால் எங்கே? கண் எங்கே?" என்று கேட்டோம். "நீங்கள் இத்தனை நாள் கேட்ட பகுத்தறிவு இதுதானா?" என்றும் கேட்டுவிட்டோம். கூட வந்தவர் சிரித்தும்விட்டார். அந்த வாலிபர் தீப்பெட்டியை மூடிக்கொண்டு, "சரி, நீங்களும் அவர்களோடு சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் எங்களோடு பேசவேயில்லை.

நாங்கள் போவதற்கு முன்னால் அவருடைய தாயார் ஒரு மந்திரக்காரனிடம் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். அவன் வேப்பிலை அடித்து, விபூதி போட்டு, கடைசியில் கையில் வாயை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஒரு பூச்சியைத் துப்பிக் காட்டியிருக்கிறான். அதற்கு வீட்டிலிருந்த ஒரு ஜதைத் தோடு போய்விட்டது. வாயில் முன்னாடியே அடக்கி வைத்திருந்ததைத் துப்புவது பழைய வித்தை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வாலிபருக்கு அது என்னவாயிற்று? "அவன் எடுத்ததை அம்மாவே கண்ணால் பார்த்தாள். ஒன்று இருந்தால் நூறு இராதா?" என்று பிரமைக்கு ஒரு சாட்சியாயிற்று. மந்திரக்காரன் பூச்சி உண்டென்று சொல்லி வியாதியை வளர்த்தான். நாமோ பூச்சி இல்லையென்று பரிகசித்து வியாதிக்காரரைத் துரத்தினோம். இருவராலும் அவருக்கு ஒரு ராத்திரித் தூக்கங்கூடக் கிடைக்கவில்லை.

இது வியாதி

இந்தத் தீப்பெட்டி விஷயம் அவர் ஒருவருக்கு மாத்திரம் உரிய விசித்திரமல்ல. பாரிஸிலிருந்த திபியேர்ஜ் என்னும் தோல் வைத்தியர் 1894-லேயே இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சுவீடன் தேசத்து நரம்பு வைத்தியர் ஏக்போம் என்பவர் 1938-ல், வயது முதிரத் தொடங்கிய பெண்மணிகளிடத்தில் இதைக் கண்டு விரிவாக எழுதினார். அதனால் இதற்கு ஏக்போம் வியாதி என்றே ஒரு பெயரும் உண்டு. 1946-ல் அமெரிக்காவில் வில்சன், மில்லர் என்னும் இரு வைத்தியர்கள் இது வெறும் பயமல்ல, பிரமை என்று பிரித்துக் காட்டினார்கள். வியாதிக்காரர்கள் பூச்சியென்று நினைத்ததைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது எத்தனையோ தேசங்களில் கண்ட காரியமானதால், 1983-ல் ஒரு லண்டன் வைத்தியப் பத்திரிகையில் அதற்குத் 'தீப்பெட்டி அடையாளம்' என்றே பெயர் வந்துவிட்டது. நம் தோழரும் தலையணைக்கடியில் அதையேதான் வைத்திருந்தார். பாரிஸுக்கும் சுவீடனுக்கும் நமது ஊர்ச் செய்வினைக்காரன் போயிருப்பானா? ஆகவே இது செய்வினையல்ல, மனித மூளைக்கு எங்கும் வரக்கூடிய ஒரு கோளாறு என்பது விளங்கும்.

நிற்க, "பூச்சி ஊர்கிறது" என்று ஒருவர் சொன்ன உடனே பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவதும் மூடத்தனமேயாகும். சிரங்குக்குக் காரணம் கெட்ட இரத்தமென்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1687-ல் இத்தாலியில் பொனோமோ என்னும் வைத்தியர் தம் நண்பர் செஸ்தோனியுடன் சேர்ந்து, கொப்புளத்திலிருந்து எடுத்ததை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துச் சிரங்குப் பூச்சியைப் படம் எழுதிக் காட்டினார். அது அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பிராணி. ராத்திரியில்தான் அரிப்பு அதிகம். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் வரும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் ஒட்டும். ஆதலால் முதலில் செய்யவேண்டியது பரிசோதனை. சிரங்கா, பேனா, மூட்டைப் பூச்சியா, வயிற்றுப் புழுவா என்று பார்க்கவேண்டும். இவையொன்றும் இல்லையானாலும், நீரிழிவு, சிறுநீரக வியாதி, தைராய்டுக் கோளாறு, பி12 என்னும் வைட்டமின் குறைவு இவற்றாலும் தோலில் ஊர்வது போலிருக்கும். கொக்கேன் முதலிய போதை வஸ்துக்களாலும், குடித்துக்கொண்டேயிருந்தவர் திடீரென்று நிறுத்துவதாலும் இது வருவதுண்டு. இவ்வளவையும் பார்த்து ஒன்றும் இல்லையென்று கண்ட பின்புதான் பிரமை என்று சொல்லலாம்.

சிலருக்கு இந்த ஒரு பிரமை மாத்திரம் இருக்கும். மற்றக் காரியங்களிலெல்லாம் நம்மைப்போலவே நிதானமாக இருப்பார்கள். நடுவயது தாண்டியவர்களிடத்தில் இது அதிகம். வேறு சிலருக்கு இது ஒரு பெரிய வியாதியின் ஒரு பாகமாக வரும். அதுதான் மனச்சிதைவு வியாதி. 1908-ல் சுவிட்சர்லாந்து தேசத்து புளூலர் என்னும் வைத்தியர் அதற்கு ஸ்கிசோபிரினியா என்று பெயரிட்டார். அது பெரும்பாலும் வாலிபப் பருவத்தில் தொடங்குகின்றது. ஆளில்லாமல் குரல் கேட்கும். பிறர் தமக்குத் தீங்கு செய்வதாகத் தோன்றும். பேச்சுக் கோவையற்றுப்போகும். வேலையிலும் குளிப்பதிலும் உண்பதிலும் நாட்டம் போய்விடும். உலகத்தில் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இவ்வியாதி இருக்கின்றது. இவர்களில் சிலருக்குத்தான் "தோலுக்குள் பூச்சி", "வயிற்றுக்குள் பாம்பு", "மூளையைப் புழு தின்கிறது" என்ற பிரமை வருகின்றது. பூச்சி ஏன் வந்தது என்பதற்கும் இன்னார் விட்டார்கள் என்று மூளையே ஒரு கதை கட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பூச்சி பொய்யானாலும் ஊர்வதும் கடிப்பதும் அவருக்குப் பொய்யல்ல. கால் வெட்டுப்பட்டவருக்கு இல்லாத பாதம் வலிப்பது உங்களில் சிலர் கேட்டிருக்கலாம். வலி தெரிவது மூளையில். தோலிலிருந்து செய்தி வராவிட்டாலும் மூளை வந்ததாகக் கணக்கெழுதிக்கொள்ளக்கூடும். ஆகவே அவர் பொய்யருமல்ல, வேஷக்காரருமல்ல.

மூடநம்பிக்கையும் பிரமையும்

இனி நம் தப்பிதம் எங்கேயிருந்தது என்று பார்ப்போம். மூடநம்பிக்கையும் பிரமையும் ஒன்றென்று நினைத்ததுதான் அந்தத் தப்பிதம்.

மூடநம்பிக்கை என்பது ஒருவனுக்குப் பிறர் சொல்லிக்கொடுத்தது. தகப்பன் சொன்னான், புரோகிதன் சொன்னான், ஊரார் செய்தார்கள், ஆகவே நானும் செய்கிறேன் என்பது. அதனால் ஒருவனுக்கு வரும்படி இருக்கிறது, இன்னொருவனுக்கு நஷ்டம் இருக்கிறது. அதை வாதத்தால் அசைக்கலாம். அசைந்ததற்கு இங்கு உட்கார்ந்திருக்கும் நீங்களே அத்தாட்சி. பிரமையோ யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. அதை வீட்டாரும் நம்புவதில்லை, ஊராரும் நம்புவதில்லை. அதனால் அவருக்குச் சல்லிக்காசு லாபமில்லை, சகலமும் நஷ்டம். அதை எந்த வாதத்தாலும் அசைக்கமுடியாது. அசைக்கமுடியாதென்பதே அதன் லட்சணம். காய்ச்சல்காரனிடம் உஷ்ணத்தைப் பற்றித் தர்க்கம் செய்தால் காய்ச்சல் இறங்குமா?

வைத்திய நூல்காரர்கள் பிரமைக்கு இலக்கணம் எழுதும்போது ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறார்கள். அதாவது ஒருவன் நம்புவது அவனைச் சேர்ந்த கூட்டத்தார் அனைவரும் நம்புகிற நம்பிக்கையாயிருந்தால், அதை வியாதியில் சேர்க்கக்கூடாது என்பதாகும். இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. ஒருவன் தனியே நம்பினால் ஆஸ்பத்திரி, ஊரே சேர்ந்து நம்பினால் தேரும் திருவிழாவுமா என்று கேட்கத் தோன்றிற்று. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த விதிவிலக்கு நியாயமானதே. ஊரோடு நம்புகிறவனுடைய மூளை சரியாயிருக்கிறது. அவன் அதை உபயோகிக்காமல் வைத்திருக்கிறான். பிரமைக்காரரோ உபயோகிக்கத்தான் பார்க்கிறார். பூச்சியைப் பிடித்துப் பெட்டியில் போட்டு, "சாட்சியோடு வந்திருக்கிறேன், பரிசோதியுங்கள்" என்கிறார். கருவிதான் கெட்டுப்போயிருக்கிறது. ஆகவே நம்முடைய கோபமும் பரிகாசமும் மூளை நன்றாயிருந்தும் பிறரை ஏய்க்கிறவனிடத்தில் செல்லவேண்டுமேயன்றி, வியாதிக்காரரிடத்தில் ஒரு துளியும் செல்லக்கூடாது.

சங்கிலி

அப்படி ஏய்க்கிறவர்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. இடுமருந்து எடுப்பவன், பல்லிலிருந்து புழு எடுப்பவன், செய்வினை தோண்டுபவன், குறி சொல்லுபவன் ஆகிய இவர்கள் பிழைப்பெல்லாம் பிறருடைய உபத்திரவத்தின்மேல் நடக்கின்றது. காசு போவதோடு நின்றாலும் பாதகமில்லை. வைத்தியம் செய்யவேண்டிய காலம் போய்விடுகின்றதே! இவ்வியாதியில் எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகின்றோமோ அவ்வளவு நல்லது. மாதக்கணக்காக, வருஷக்கணக்காகக் கோயிலிலும் தர்காவிலும் மாதா கோயிலிலும் கட்டிப்போட்டு வைத்தால் ஆள் பாழாய்ப்போவதைத் தவிர வேறென்ன?

2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. தர்காவை நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகளைப் பணம் வாங்கிக்கொண்டு வைத்திருந்த ஒரு கொட்டகையில் அதிகாலையில் தீப்பற்றிக்கொண்டது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓடமுடியவில்லை. 28 பேர் மாண்டுபோனார்கள். அவர்கள் செய்த குற்றம் வியாதி வந்தது ஒன்றுதான். இதை ஒரு மதத்தார் தலையில் போட்டுவிட்டு மற்ற மதத்தார் தப்பித்துக்கொள்ளவேண்டாம். பைத்தியம் தெளியுமென்று பெயர் வாங்கிய ஸ்தலம் எல்லா மதத்திலும் இருக்கின்றது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாதென்று சொல்லுகின்றது. கட்டுகிறவர் பெற்ற தகப்பனாயிருந்தாலும் அது ஒரு மனிதனைக் கட்டுவதேயாகும்.

பிள்ளைக்குக் "கால்கட்டுப் போட்டுவிட்டால் சரியாய்ப்போகும்" என்று சொல்லி, வியாதியை மறைத்துக் கலியாணம் செய்துவைப்பதும் நம்மிடையே இருக்கின்றது. தாய்மார்களே! இவ்வியாதிக்காரர் கலியாணம் செய்துகொள்ளவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. மருந்து சாப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, இருவரும் சம்மதித்துச் செய்துகொண்டு நன்றாக வாழலாம். ஆனால் ஒரு பெண்ணை மருந்துச் சீட்டாக நினைத்து ஒருவனுக்குக் கட்டிவைப்பது என்ன நியாயம்? பிறகு குணமாகாவிட்டால் "இவள் வந்த ராசி" என்று அவள் தலையிலேயே பழியையும் போடுகிறீர்கள். வியாதி பெண்ணுக்கு வந்தாலோ தாய் வீட்டில் தள்ளிவிட்டு வேறு கலியாணம் பார்க்கிறீர்கள். இரண்டு பக்கமும் பெண்ணுக்குத்தான் அடி.

செய்யவேண்டியது

சரி, வாதாடவும் கூடாது, மந்திரிக்கவும் கூடாது என்றால் என்னதான் செய்வது?

முதலாவது, இல்லாத பூச்சியை இருக்கிறதென்று ஆமோதிக்காதீர்கள். தைரியம் சொல்லுவதாக நினைத்து, "ஆமாம், நானும் பார்த்தேன், நசுக்கிவிட்டேன்" என்று சொல்லுவது மந்திரக்காரன் வேலையேயாகும். சில வீடுகளில் ஒருவருக்கு வந்த பிரமை கூடவேயிருக்கும் மனைவிக்கோ சகோதரிக்கோ தொற்றிக்கொள்வதும் உண்டு. இரண்டாவது, "பூச்சி இல்லவே இல்லை, உனக்குப் பைத்தியம்" என்று முகத்தில் அடிக்காதீர்கள். "உனக்கு அரிப்பும் தூக்கமின்மையும் இருப்பது தெரிகிறது. எனக்குப் பூச்சி தென்படவில்லை. ஆனால் நீ படுகிற பாடு நிஜம். வா, வைத்தியரிடம் காட்டுவோம்" என்று சொல்லுங்கள். இதில் பொய்யுமில்லை, அவமரியாதையுமில்லை. மூன்றாவது, மண்ணெண்ணெய், பூச்சி மருந்து, பிளேடு இவற்றைக் கைக்கெட்டாமல் வையுங்கள். பூச்சியைக் கொல்லுவதாக நினைத்துத் தோலில் ஊற்றிக்கொள்ளுகிறவர்களும் கீறிக்கொள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். சாக நினைப்பதாகப் பேசினால் ஒரு நாழிகைகூடத் தாமதிக்காதீர்கள்.

இவ்வியாதிக்கு மருந்து இல்லாத காலம் ஒன்று இருந்தது. அது போய்விட்டது. 1952-ல் பாரிஸில் தெலே, தெனிக்கர் என்னும் வைத்தியர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்து, குரலும் பிரமையும் அடங்குவதைக் கண்டார்கள். மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுபோகிற டோபமின் என்னும் பொருளின் வேகத்தை இவ்வகை மருந்துகள் தணிக்கின்றன. இப்போது ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் முதலிய எத்தனையோ மருந்துகள் வந்திருக்கின்றன. இவற்றால் தூக்கம் அதிகப்படுவது, உடம்பு பெருப்பது, கைகால் விறைப்பது முதலிய தொந்தரவுகளும் சிலருக்கு உண்டு. அதை வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளவேண்டுமேயொழிய, "குணமாகிவிட்டது" என்று தாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வியாதி திரும்பும். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14416 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்தால் ஆலோசனை சொல்லுவார்கள். 2022-ல் சர்க்கார் ஏற்படுத்தியது அது. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

அந்தத் தோழர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கடைசியில் அவருடைய தங்கைதான் அவரைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். நாமும் பின்னாலேயே போனோம். அந்த வைத்தியர் தீப்பெட்டியை வாங்கிச் சிரிக்காமல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தோலையும் இரத்தத்தையும் பரிசோதித்தார். பிறகு, "இதில் எனக்குப் பூச்சி கிடைக்கவில்லை. ஆனால் நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குத் தோழர் அழுதுவிட்டார். நாம் ஒரு மணி நேரம் வாதாடினோமே, அந்தக் கேள்வியை ஒருவராவது கேட்டோமா? மருந்து தொடங்கி ஏழெட்டு வாரத்தில் அவர் தூங்கினார், புண் ஆறிற்று. சில மாதத்தில் வேலைக்கும் போனார். இன்றைக்கும் "பூச்சி இருந்ததேயில்லை" என்று அவர் சொல்லவில்லை. "இப்போது தொந்தரவு இல்லை" என்றுதான் சொல்லுகிறார். அதுவே போதும். வாதத்தில் நாம் ஜெயிக்கவேண்டுமென்பதல்லவே, மனிதன் பிழைக்கவேண்டுமென்பதல்லவா காரியம்?

தோழர்களே! வியாதி பூர்வ ஜன்ம பாவமென்று சொல்லுகிறவனை நாம் எதிர்க்கின்றோம். அப்படியானால் வியாதிக்காரரை நாம் மனிதராக நடத்திக் காட்டவேண்டாமா? சுயமரியாதை என்பது அறிவு சரியாயிருக்கிறவனுக்கு மாத்திரம் உள்ள பாத்தியதையா? அறிவு கலங்கியிருக்கும்போதுதான் ஒருவனுக்குப் பிறர் காக்கவேண்டிய மானம் அதிகம். நாம் போகாத வீட்டுக்கு மந்திரக்காரன் போவான். ஆகையால் உங்கள் தெருவில் இப்படி ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், பூதக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகக் கூடப் போங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.